எல்எஸ்டி என்று காசு வாங்கினார்கள், உள்ளே இருந்தது வெல்டிங்

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர் பக்கம் பழைய காரை வாங்கி டிரிஃப்ட், அதாவது பின்பக்கத்தை வழுக்கவிட்டு வளைத்து ஓட்டுவது, பழக ஆசைப்படும் தம்பிகள் இப்போது நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எல்எஸ்டி என்கிற ஒரு பின்சக்கரச் சாமானுக்காக எனக்கு 72,000 ரூபாய் போனது ஒரு பக்கம். அதே காரில், கொட்டுகிற மழையில், அம்மாவைப் பின்சீட்டில் உட்கார வைத்துப் பாலக்காடு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். அதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

என்னுடையது கான்டெஸ்ஸா கிளாசிக், இசுசு 1.8 பெட்ரோல் எஞ்சின். 2002-லேயே உற்பத்தி நின்றுபோன வண்டி. 88 குதிரைத்திறன்தான், ஆனால் எஞ்சின் விசை பின்சக்கரங்களுக்குப் போகும். நம் கைக்கு எட்டும் விலையில் அப்படி ஒரு கார் இன்றைக்குக் கிடைப்பது கஷ்டம். டிரிஃப்டுக்கு இரண்டு பின்சக்கரமும் சேர்ந்து வழுக்க வேண்டும். எஞ்சின் விசையை இரண்டு பின்சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதிதான் டிஃபரன்ஷியல். சாதாரண டிஃபரன்ஷியலில் பிடிமானம் குறைந்த சக்கரம் மட்டும் வெறுமனே சுற்றும். அதற்குத்தான் எல்எஸ்டி, அதாவது லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், போடுவது. நான் கேட்ட வகையில் உள்ளே கிளட்ச் தட்டுகள் இருக்கும். இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும், மெதுவாக வளையும்போது கொஞ்சம் விட்டும் கொடுக்கும்.

பாலக்காட்டுக்கு வெளியே மாடிஃபிகேஷன் வேலை பார்க்கும் ஒரு ஒர்க்ஷாப்பில் கேட்டேன். ஓனர் நன்றாகத் தமிழ் பேசுவார். "ஜப்பான் பிக்கப்போட எல்எஸ்டி ஒண்ணு வந்திருக்கு அண்ணா, உங்க ஆக்ஸிலுக்கு அப்படியே உட்காரும்" என்றார். பத்து நாளில் வண்டி ரெடி. பின்பக்கம் இரண்டையும் ஜாக்கியில் தூக்கி, ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றிக் காட்டினார். மற்றதும் அதே பக்கம் சுற்றியது. "பார்த்தீங்களா, எல்எஸ்டி!" என்று சிரித்தார். நானும் நம்பிவிட்டேன்.

பில் கேட்டதற்கு, "இந்த மாதிரி வேலைக்கு பில் போட்டா எம்விடிக்காரன் ரெண்டு பேரையும் பிடிப்பான்" என்று பயமுறுத்தினார். எம்விடி என்றால் மோட்டார் வாகனத் துறை. கேரளாவில் அந்தப் பயம் பொய்யில்லை. வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிற மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவும் அதற்கான அபராதமும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்தப் பயத்தையே அவர் தனக்குக் கேடயமாக்கிக்கொண்டார் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. கழற்றிய பழைய சாமானைக் கேட்டேன். "ஸ்கிராப்புக்குப் போட்டாச்சு" என்றார்.

வண்டி வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே பார்க்கிங்கில் திருப்பினால் உள்பக்க டயர் தரையில் துள்ளித் துள்ளிக் கிறீச்சிட்டது. போன் போட்டால், "எல்எஸ்டின்னா சத்தம் வரும்ணா" என்றார். அதில் பாதி உண்மை. கிளட்ச் எல்எஸ்டியும் கொஞ்சம் கடகடக்கும். பாதி உண்மைதான் என்னை ஏமாற்றியது.

அப்புறம் கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி ஸ்பீட்வே ரேஸ் தடத்தில் பழகுநர்களுக்கான ஒரு நாள். 2.1 கிலோமீட்டர் தடம். கார் கட்டுவதில் உயிராக இருந்த கரிவர்தன் பெயரில் 2003-இல் வந்தது. சிறுவயதிலிருந்தே அங்கே ஓட்ட வேண்டும் என்பது என் ஆசை. வேலந்தாவளம் செக்போஸ்ட் வழியாக பிளாட்பெட்டில் ஏற்றிக்கொண்டு விடியும் முன்பே போய்விட்டோம். ஒரு மூலையில் டேங்கர் தண்ணீர் விட்டு நனைத்து வைத்திருந்தார்கள். 88 குதிரைக்குக் காய்ந்த தாரில் வேலையில்லை, ஈரத்தில் போதும். முதல் இரண்டு முறை பின்பக்கம் அழகாக வெளியே வந்தது. அந்த சந்தோஷத்தைப் பொய் என்று சொல்ல மாட்டேன்.

மூன்றாவது முறை பின்பக்கத்தை வழுக்கவிட கிளட்சை உதைத்ததும் சீட்டுக்கு அடியில் பாறை உடைகிற மாதிரி ஒரு சத்தம். பின்சக்கரம் இரண்டும் பூட்டிக்கொண்டன. வண்டி சுழன்று புல்லில் போய் நின்றது. அங்கே அது புல். கஞ்சிக்கோடு ஹைவேயில் லாரிகளுக்கு நடுவே நடந்திருந்தால்?

ஊரில் எங்கள் மெக்கானிக் செல்வண்ணன் டிஃபரன்ஷியல் இருக்கும் கூட்டை, ஹவுசிங்கை, கழற்றினார். எண்ணெயில் வெள்ளித் தூள் மினுங்கியது. எல்எஸ்டி எதுவும் இல்லை. என்னுடைய பழைய டிஃபரன்ஷியலுக்குள் இருந்த சின்னப் பல்சக்கரங்களை, ஸ்டார் பினியன்களையே, ஒன்றோடொன்று வெல்டிங் வைத்து ஒட்டியிருந்தார்கள். பல் ஓரங்களில் நீலம் பாய்ந்த சூட்டுத் தழும்பு, மேலே சோளப்பொரி மாதிரி வெல்டிங் பொட்டுகள். ஒரு துண்டு உடைந்து கிரவுன் வீலுக்கும் பினியனுக்கும் நடுவே மாட்டியிருந்தது. மேல்பகுதி கடினப்படுத்திய இரும்பு அது. அந்தத் தோலைத் தேய்க்காமல், முன்கூட்டியே சூடாக்காமல் வெல்டிங் வைத்தால் விரிசல் விடத்தான் செய்யும். "இது ரெண்டாயிரம் ரூபா வேலை மாப்ளே" என்றார் அண்ணன்.

வெல்டிங் வைப்பதே குற்றம் என்று சொல்லவில்லை. தடத்துக்கு மட்டும் வைத்திருக்கிற காருக்குத் தெரிந்தே அப்படிச் செய்கிறவர்கள் உண்டு. எல்எஸ்டி என்று பொய் சொல்லி, ரோட்டில் ஓடும் குடும்பக் காருக்கு அதை மாட்டிக் கொடுத்ததுதான் அயோக்கியத்தனம்.

அவர் காட்டிய சோதனையில் வெல்டிங்கும் தேறிவிடும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு பின்சக்கரம் மட்டும் தரையில் இருக்கட்டும். முன்சக்கரங்களுக்கும் அதற்கும் கட்டை வைத்து, தூக்கிய பக்கம் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை விட்டுவிட்டு, தூக்கிய சக்கரத்தை நீளமான கம்பியால் திருகுங்கள். கிளட்ச் எல்எஸ்டி என்றால் கனமாக, ஆனால் ஒரு கட்டத்தில் வழுக்கித் திரும்பும். வெல்டிங் அசையவே அசையாது. எல்எஸ்டி முழுதாக மாற்றியிருந்தால் உங்கள் பழைய டிஃபரன்ஷியல் கேஸ் வெளியே வந்திருக்க வேண்டும். அதைக் கையில் வாங்காமல் காசு கொடுக்காதீர்கள்.

பில் இல்லையே என்று நானும் முதலில் சோர்ந்துதான் போனேன். ஆனால் ஜிபே விவரம் இருந்தது, "எல்எஸ்டி மாட்டியாச்சு" என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் வாய்ஸ் இருந்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் பேசினேன். 2019 நுகர்வோர் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை. போன வாரம் கொடுத்துவிட்டேன். உடைந்த பினியன்கள் நான்கும் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, தேதி எழுதி, என் அலமாரியில் இருக்கின்றன. அதே ஆளிடம் வேலை கொடுத்தவர்கள் யாராவது இருந்தால் வண்டியை இனி ரோட்டில் எடுக்காதீர்கள். முதலில் ஹவுசிங்கைக் கழற்றிப் பாருங்கள்.