முன்பக்கம் கிராஃபீன், பின்பக்கம் ஆக்சைடு: 250 மில்லி பாட்டில் எப்படி?

பினாங்கின் பாயான் லெப்பாஸ் பக்கம் ஆய்வகப் பொருள் விற்கும் ஒரு கடையில் கிடைக்கிறது இந்த பாட்டில். முன்பக்கம் பெரிய எழுத்தில் ‘கிராஃபீன்’. பின்பக்கம் பொடி எழுத்தில் ‘ஆக்சைடு, நீரில், மில்லிக்கு 4 மில்லிகிராம்’. முன்பக்கத்தை மட்டும் படித்துவிட்டு மின்கடத்தும் மை செய்ய வாங்கினால் ஏமாற்றம்தான். உள்ளே இருப்பது கடத்தாத சரக்கு.

கிராஃபீன் என்பது ஓரணுத் தடிமனுள்ள கார்பன் தாள். அதில் ஒவ்வொரு கார்பனும் மூன்று அண்டை அணுக்களோடு பிணைந்து, மிஞ்சிய ஓர் எலக்ட்ரானைத் தாள் முழுக்க உலவ விடுகிறது. கடத்துதிறன் அந்த உலவலில் இருக்கிறது. அந்தத் தாளில் ஆக்சிஜன் உள்ள அணுத்தொகுதிகள் ஒட்டியதுதான் ஆக்சைடு. ஹைட்ராக்சில் என்ற தொகுதி ஒன்று தாளின் பரப்பில் ஒட்டினால் அந்த எலக்ட்ரான் பிணைப்பில் மாட்டிக்கொள்ளும். எபாக்சி என்றால் ஒரே ஆக்சிஜன் இரண்டு கார்பன்களை முடக்கும். கார்பாக்சில் பெரும்பாலும் ஓரத்தில் இருப்பதால் கடத்தலை அவ்வளவு கெடுக்காது. தாள்கள் நீரில் பிரிந்து மிதக்கவும் அதுவே பெரிய துணை. எல்லாக் கார்பனிலும் ஃபுளூரின் ஏறினால் சுமார் 3 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் இடைவெளி கொண்ட காப்புப் பொருளே கிடைக்கும். அமீன் எலக்ட்ரானைக் கொடுக்கும், நைட்ரோ இழுக்கும். ஆகவே கடைக்காரரிடம் கேட்கவேண்டியது எந்தத் தொகுதி, எவ்வளவு, எங்கே என்பதுதான்.

இந்த பாட்டிலோடு வரும் விவரக் குறிப்பில் ராமன் படம் (லேசர் ஒளிச்சிதறல் அளவீடு) மட்டும் உண்டு. அது போதாது. ராமன் படம் கார்பன் தாளில் குறை இருப்பதைக் காட்டும், எந்தத் தொகுதி என்று சொல்லாது. எக்ஸ்பிஎஸ் அளவீட்டை (எக்ஸ் கதிர் பட்டு வெளிவரும் எலக்ட்ரான்களிலிருந்து பிணைப்பை அறிவது) கேட்டு வாங்குங்கள்: 284.5 எலக்ட்ரான்வோல்ட் அருகே கார்பன்-கார்பன், 286.5 அருகே ஹைட்ராக்சிலும் எபாக்சியும், 288.5 அருகே கார்பாக்சில்.

சரக்கு நல்லது. மில்லிக்கு 0.1 மில்லிகிராமாக நீர்த்தால் தே ஓ (பால் விடாத தேநீர்) நிறத்தில், படிவு இல்லாமல் நிற்கிறது. கந்தக அமில மிச்சம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மையவிலக்கியில் சுழற்றி, மேலே தெளிந்த நீரில் சிறிது நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பேரியம் குளோரைடும் விட்டால், சல்பேட் இருந்தால் வெள்ளைப் படிவு வரும். பேரியம் நச்சு, கையுறை அவசியம். கலங்கல் நீரில் இதைச் செய்யாதீர்கள். கிராஃபீன் ஆக்சைடுத் தாள்களையும் பேரியம் திரள வைத்துவிடும்.

கடத்தவேண்டுமென்றால் ஆக்சிஜனைக் கழற்றவேண்டும். 2.5 மில்லி சரக்கோடு 97.5 மில்லி காய்ச்சி வடித்த நீர் (குழாய் நீரின் கால்சியம் தாள்களைக் கட்டிப்போடும்), அம்மோனியா சொட்டுச் சொட்டாக விட்டு பிஎச் 9 முதல் 10, பிறகு 100 மில்லிகிராம் அஸ்கார்பிக் அமிலம் (வைட்டமின் சி). அமிலம் சேர்த்ததும் பிஎச் இறங்கும், மறுபடி பார்த்துத் திருத்துங்கள். 95 டிகிரியில் ஒரு மணி நேரம். பழுப்பு கறுப்பாகும், புற ஊதா உறிஞ்சல் உச்சி 230 நானோமீட்டரிலிருந்து 270 பக்கம் நகரும். அம்மோனியாவைத் தவிர்த்தால் ஓரக் கார்பாக்சில்கள் மின்சுமை இழந்து, எல்லாம் கறுப்புக் கட்டியாகத் திரண்டுவிடும். நீர்க்காமல் செய்தாலும் அதே கதி. எவ்வளவு கவனமாகச் செய்தாலும் சில ஆக்சிஜன் தங்கும், தாளில் ஓட்டைகளும் மிஞ்சும். அசல் கிராஃபீன் திரும்பி வராது.

பினாங்கின் ஈரக்காற்றில் அளவெடுப்பதுதான் பெரிய பொறி. ஒடுக்காத, அதாவது ஆக்சிஜன் கழற்றாத, ஆக்சைடுப் படலம் ஈரத்தை உறிஞ்சி, நீர் வழியே புரோட்டானைக் கடத்தும். மல்டிமீட்டர் இதை எலக்ட்ரான் கடத்தலிலிருந்து பிரித்துக் காட்டாது. ஊதினால் தடை இறங்குகிறதா? அப்படியானால் நீங்கள் அளப்பது ஈரத்தை. சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் இரவு முழுக்க வைத்து, வெளியே எடுத்த உடனே அளவிடுங்கள். ஈரப்பத உணரி செய்பவருக்கோ இந்தக் குணமே சொத்து. அவர்கள் இதைத் தயங்காமல் வாங்கலாம்.

படலத்தை 60 டிகிரிக்கு மேல் உலர்த்தவேண்டாம், தொகுதிகள் தாமாகவே கழலத் தொடங்கும். உலர்ந்த பொடியைச் சட்டென்று 200 டிகிரிக்கு ஏற்றினால் வாயு கிளம்பி வெடித்துச் சிதறும். பாட்டிலைக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில், வெளிச்சம் படாமல் வையுங்கள். உறையவிட்டால் தாள்கள் ஒட்டிக்கொள்ளும், குலுக்கினாலும் பிரியாது.