பப்பாளி மாவுப்பூச்சிக்கு ஒரு குளவி, கரும்புக்கு ஒரு முட்டை அட்டை: இருவகை ஒட்டுண்ணிகள்

2008-இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, மரவள்ளி, மல்பெரித் தோட்டங்களையும் பாழாக்கியபோது, மெழுகுப் பூச்சு அதன் உடலைக் காத்ததால் தெளித்த மருந்துகள் சரிவரப் பயனளிக்கவில்லை. மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட அப்பூச்சிக்கு இங்கே இயற்கை எதிரி இல்லாததே மூலக் குறை. 2010-இல் புவர்த்தோ ரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்ட அசிரோபேகஸ் பப்பாயே என்னும் நுண்குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டுப் பெருகி, தானாகவே ஊர் ஊராகப் பரவிவிட்டது. அதன்பின் விவசாயிக்குப் பெரிதாகச் செலவில்லை.

கரும்புத் தண்டைத் துளைக்கும் இடைக்கணுப் புழுவுக்கு எதிராகப் பயன்படும் டிரைக்கோகிரம்மா முட்டை ஒட்டுண்ணியின் (புழுவின் தாய் அந்துப்பூச்சி இடும் முட்டைக்குள் தன் முட்டையை வைக்கும் நுண்குளவி) கதை வேறு. அது வயலில் போதிய அளவில் நிலைத்து நிற்பதில்லை என்பதால், நான்காம் மாதம் முதல் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, ஹெக்டேருக்கு 2.5 சி.சி. (கன சென்டிமீட்டர்) முட்டை வீதம் ஆறு முறை, இக்குளவி வளரும் முட்டைகள் ஒட்டிய காகித அட்டையைக் கட்ட வேண்டும். அட்டையிலுள்ள முட்டைகளை எறும்பு தின்றாலோ, பூச்சிக்கொல்லி தெளித்தாலோ, குளவி பொரித்து வெளிவந்த பழைய அட்டையை வாங்கினாலோ பணம் வீண்தான் (கடைசியது பலரும் கவனிக்காதது).

ஆயினும் முதல் வழியை ஒரு விவசாயி தனியே தேர்ந்தெடுக்க இயலாது. அயல்நாட்டு உயிரியை இறக்குமதி செய்து, தனிமைப்படுத்திச் சோதித்து விடுவிப்பது அரசு நிறுவனங்களின் பணி. உள்நாட்டுத் துளைப்பான் புழுக்களுக்கு அட்டையே கைக்கெட்டும் வழி. அந்துப்பூச்சி முட்டையிடும் பருவத்தைக் கணித்துக் கட்டுவோருக்கே அது பலன் தருகிறது.