உப்புத்தாள் எழுத்து அட்டைகள்: எல்.கே.ஜி. வகுப்பில் நாலு மாதம் வைத்துப் பார்த்தது

ஜூன் மாதம் பாளையங்கோட்டையில் ஒரு கிறிஸ்தவப் பள்ளியில் எல்.கே.ஜி. டீச்சராகச் சேர்ந்தேன். அதற்கு முன்னால் ஆறாம் வகுப்புக்குத் தமிழ் எடுத்தவள், மூன்று வயதுப் பிள்ளைகள் எனக்குப் புதுசு. சேர்ந்த வாரமே என் சொந்தக் காசில் 1,450 ரூபாய் கொடுத்து ஆன்லைனில் தமிழ் உப்புத்தாள் எழுத்துப் பெட்டி ஒன்று வாங்கினேன். வாங்கலாமா வேண்டாமா என்று நிறைய டீச்சர்கள் கேட்கிறார்கள், அதனால் நாலு மாதம் தினமும் கையாண்டதில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

பொருள் இதுதான். கையளவு மர அட்டை, அதில் உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்து. பிள்ளை ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து அந்த எழுத்தின் மேல், நாம் எழுதுகிற திசையிலேயே தடவிக்கொண்டு போக வேண்டும், வாய் அந்த ஒலியைச் சொல்ல வேண்டும். என் பெட்டியில் உயிர் 12, க முதல் ன வரை 18, ஆய்த எழுத்து 1, ஆக 31 அட்டை. உயிர் நீலப் பலகையிலும் மற்றது இளஞ்சிவப்புப் பலகையிலும் இருக்கிறது.

முதல் இரண்டு வாரம் பெட்டியைத் திறக்கவே இல்லை. காலையில் வாசலில் அம்மாவின் சேலையை விடாத பிள்ளைகளைப் பிரித்து எடுத்து வருவதிலேயே நேரம் போய்விடும், ஒருத்தி அழுதால் பதினைந்து பேரும் அழுவார்கள். ஆயாம்மா மட்டும் இல்லையென்றால் நான் அந்த ஜூனைத் தாண்டியிருக்க மாட்டேன். ஒன்பதரைக்கு ஜெபம், ஒரு ஆக்‌ஷன் சாங், வாரத்துக்கு ஒரு மனப்பாட வசனம், சாப்பிடும் முன்னால் இன்னொரு சின்ன ஜெபம். நான் கிறிஸ்தவள் இல்லை. நேர்காணலிலேயே சொல்லிவிட்டேன், எச்.எம். அம்மா, "பிள்ளைங்களோட சேர்ந்து நின்னா போதும்மா, பாட்டு தானா வந்துரும்" என்றார்கள். வந்தும்விட்டது. அந்த ஜெப நேரத்தின் அமைதி எனக்குப் பிடித்திருக்கிறது, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கை குவித்து நிற்கிற பிள்ளைகள் அடுத்த பத்து நிமிடம் எதைக் கொடுத்தாலும் கவனிக்கிறார்கள். அட்டைகளை எடுப்பதற்கு நான் தேர்ந்தெடுத்த நேரமும் அதுதான்.

அப்புறம் நடந்ததைப் பார்த்துத்தான் இந்தப் பொருள் மேல் எனக்கு மரியாதை வந்தது. ஜூன் முழுக்க யாரோடும் பேசாமல் ஜன்னல் பக்கமே நின்ற ஒரு பையன், 'ட' அட்டையில் நான் விரல் ஓட்டுவதைப் பார்த்துவிட்டு மெதுவாக வந்து தானும் தடவிப் பார்த்து, "மிஸ், சுரசுரன்னு இருக்கு" என்றான். அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. அன்றைக்கு 'ட'வை விடவே இல்லை, வீட்டுக்குப் போகிற நேரத்தில் கதவில், சுவரில், ஆயாம்மா முதுகில் எல்லாம் 'ட' போட்டான். பென்சில் கொடுத்திருந்தால் இது நடந்திருக்காது. மூன்று வயதுக் கைக்குப் பென்சிலை அழுத்திப் பிடிக்கும் பலம் இல்லை, ஆனால் எழுத்தின் வளைவைப் பிடித்துக்கொள்ள விரலுக்கு எந்தச் சிரமமும் இல்லை. இதை நான் புத்தகத்தில் படித்திருந்தேன், நம்பியது அந்த மத்தியானம்தான்.

இதை உருவாக்கிய இத்தாலிய டாக்டர் மரியா மாண்டிசோரி 1907இல் ரோமில் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தன் முதல் பள்ளியை நடத்தத் தொடங்கினார். மரத்தில் எழுத்துகள் செய்து தர ஆள் சரியாக அமையாததால் அட்டையிலும் உப்புத்தாளிலும் வெட்டிப் பார்த்ததுதான் இது. அவர் 1939இல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார், போர் வந்துவிட்டதால் கொடைக்கானலிலும் இருந்து 1946 வரை இந்தியாவிலேயே தங்க வேண்டியிருந்தது. ஆனால் விரலால் எழுத்துப் பழகுவது நம் ஊருக்குப் புதுசே இல்லை. விஜயதசமிக்கு அரிசியில் எழுத வைக்கிறோம். திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதினார்கள். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு பாதிரியார், வளர்ந்த மனிதர், தமிழ்ப் பிள்ளைகளோடு சம்மணம் போட்டு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித்தான் தமிழ் எழுத்தே கற்றுக்கொண்டார். மிஷன் பள்ளிகள் நிறைந்த இந்த ஊரில் இதை நினைத்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

சரி, குறைகளுக்கு வருகிறேன்.

பெரிய குறை, இந்தப் பெட்டியைச் செய்தவர்கள் ஆங்கிலப் பெட்டியை அப்படியே தமிழுக்கு மாற்றியிருக்கிறார்கள், தமிழ் எழுத்து எப்படி வேலை செய்கிறது என்று யோசிக்கவில்லை. நம் எழுத்து 247 என்றாலும் அடிப்படை வடிவங்கள் கொஞ்சம்தான், மீதி பெரும்பாலும் துணைக்கால், கொம்பு, சுழி, புள்ளி என்று சேர்ந்து வருவது. இவை ஒன்றுமே பெட்டியில் இல்லை. நாங்கள் ட, ப, ம என்று எளிதான வடிவத்திலிருந்து தொடங்குகிறோம், மூன்றாவது எழுத்திலேயே 'படம்' என்று ஒரு சொல் வந்துவிடும், பிள்ளைகள் துள்ளுவார்கள். அதற்கு 'ம்' வேண்டுமே, புள்ளிக்கு எங்கே போவது? என் ஸ்டிக்கர் பொட்டு அட்டையிலிருந்து ஒரு பெரிய பொட்டை எடுத்து 'ம' மேல் ஒட்டித்தான் அன்றைக்குப் பாடத்தை முடித்தேன்.

அடுத்தது, 'ஔ'வில் பக்கத்தில் வருகிற உறுப்பைச் சின்னதாக வைக்காமல் முழு 'ள' அளவுக்கு வெட்டியிருக்கிறார்கள், பார்க்கிறவர்கள் 'ஒள' என்றுதான் படிப்பார்கள். எங்கே தொடங்கி எப்படிப் போக வேண்டும் என்ற அம்புக்குறியும் இல்லை. இது டீச்சருக்குத் தெரியும், ஆனால் வீட்டில் வாங்கிக் கொடுக்கிற அம்மா அப்பாவுக்கு நிச்சயம் வேண்டும். ஒரு தடவை தப்பான திசையில் பழகிய விரலைத் திருப்புவது ரொம்பக் கஷ்டம், 'இ' எழுத்தில் நான் பட்ட பாடு போதும்.

உப்புத்தாளும் முரடு. இரண்டாம் நாளே ஒரு பிள்ளை விரலை ஊதிக்கொண்டு வந்தாள், நுனி சிவந்திருந்தது, எனக்கு மனசு கேட்கவில்லை. கடைக்காரருக்கு இரண்டு முறை எழுதினேன், பதில் இல்லை. அப்புறம் ஹார்டுவேர் கடைக்குப் போய் நானே தடவிப் பார்த்து வாங்கினேன். உப்புத்தாளில் எண் கூடக் கூட நைசாக இருக்கும். 80ஆம் எண் தாள் பெரியவர்கள் கைக்கே உறுத்துகிறது, 220 ரொம்ப நைசு, பிள்ளைக்கு வித்தியாசமே தெரியாது. 150தான் சரியாக வந்தது. தாள் ஒன்று 20 ரூபாய்க்குள், ஒரு தாளில் நாலைந்து எழுத்து வெட்டலாம். வெட்டும்போது பின்பக்கம் எழுத்தைத் திருப்பி வரைய வேண்டும் என்பதை மறந்து இரண்டு தாளை வீணாக்கினேன், நீங்கள் அதைச் செய்யாதீர்கள். கத்தரியும் மழுங்கிவிடும், பழைய கத்தரி எடுங்கள்.

பலகை நன்றாக உழைக்கிறது, அதில் குறை சொல்ல மாட்டேன். தினமும் கீழே விழுகிறது, ஒரு முனை கூட உடையவில்லை. ஓரம் வழவழப்பாகத் தேய்த்திருக்கிறார்கள், சாயமும் கையில் ஒட்டவில்லை. எழுத்துகள் மட்டும் ஆறேழு பிய்ந்துவிட்டன, பிஸ்கட் சாப்பிட்ட கையோடு தொட்டால் அப்படித்தான் ஆகும். இப்போது தொடுவதற்கு முன்னால் வெதுவெதுப்பான நீரில் விரலை நனைத்துத் துடைக்கச் சொல்கிறேன், விரலுக்கு உணர்வும் கூடுகிறது, அட்டையும் சுத்தமாக இருக்கிறது.

வகுப்பறைக்கு என்றால் வாங்குங்கள், ஆனால் ஒரு பெட்டியை வைத்துப் பதினைந்து பேருக்கு ஒரே நேரத்தில் எடுக்க முடியாது. நான் ஒரு தடவைக்கு இரண்டு பேரை மட்டும் பாயில் உட்கார வைத்து, இரண்டு எழுத்து மட்டும் எடுப்பேன். "இது ட, இது ப." பிறகு "ப எங்கே, காட்டு." கடைசியாக, "இது என்ன?" இந்தக் கடைசிக் கேள்விக்கு அவசரப்படாதீர்கள், தெரியவில்லை என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்று மூடி வைத்துவிடுங்கள். வீட்டுக்கு ஒரே ஒரு பிள்ளைக்கு என்றால் 1,450 ரூபாய் அதிகம், அட்டையும் உப்புத்தாளும் பசையும் வாங்கி 200 ரூபாய்க்குள் நீங்களே செய்யலாம்.

காலாண்டு விடுமுறையில் புள்ளியும் துணைக்காலும் வெட்டி முடித்துவிட்டேன், துணைக்காலைத் தனி அட்டையில் ஒட்டியதால் 'ப' பக்கத்தில் கொண்டுபோய் வைத்தால் 'பா' ஆகிவிடுகிறது. கொம்பு இரண்டும், இகரக் கொக்கியும் பாக்கி இருக்கின்றன. பக்கத்து வகுப்பு அக்கா தன் யு.கே.ஜி. பிள்ளைகளுக்கும் ஒரு செட் கேட்டிருக்கிறார்கள், கிறிஸ்துமஸ் லீவில் இரண்டு பேரும் உட்கார்ந்து வெட்டப் போகிறோம்.