ஒரு பிணம், இரண்டு படங்கள்: பழையதா, புதியதா?

1943 ஏப்ரல் 30 அதிகாலையில், ஸ்பெயினின் உவெல்வா கரைக்கு அருகே 'செராஃப்' என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பல் ஒரு பிணத்தைக் கடலில் விட்டுச் சென்றது. உடலில் ராயல் மரீன்ஸ் அதிகாரியின் சீருடை, மேஜர் மார்ட்டின் என்ற கற்பனைப் பெயர். பையில் காதலியின் புகைப்படம், காதல் கடிதங்கள், மோதிரம் வாங்கிய கடை ரசீது, 'கணக்கில் பணம் இல்லை' என்று கண்டிக்கும் வங்கிக் கடிதம். சங்கிலியால் பிணைத்த தோல்பெட்டிக்குள்தான் விஷயம் இருந்தது. நேச நாட்டுப் படைகள் கிரேக்கத்திலும் சார்டினியாவிலும் இறங்கப்போவதாக நம்பவைக்கும் மேல்மட்டக் கடிதங்கள் அவை. ஜெர்மானியர்கள் நம்பினார்கள். பிரான்சில் இருந்த ஒரு பான்சர் (டாங்கி) டிவிஷன் கிரேக்கத்துக்குப் போனது. ஜூலை 10 அன்று நேச நாட்டுப் படைகள் சிசிலியில் இறங்கின.

இந்தக் கதையைச் சொல்லும் படங்கள் இரண்டு. ரொனால்ட் நீம் இயக்கி 1956இல் வந்த 'தி மேன் ஹூ நெவர் வாஸ்'. ஜான் மேடன் இயக்கி 2021இல் வந்த 'ஆபரேஷன் மின்ஸ்மீட்'. முதலாவதில், இந்தத் திட்டத்தை நடத்திய கடற்படை உளவு அதிகாரி இவென் மாண்டேகுவாக கிளிஃப்டன் வெப். இரண்டாவதில் காலின் ஃபர்த். இரண்டில் எது மேல் என்று என்னைக் கேட்டால் தயங்காமல் பழையதைச் சொல்வேன். விசித்திரம் என்னவென்றால், வரலாற்றுக்கு அதிக உண்மையாக இருப்பது புதியதுதான்.

பழைய படத்தின் பின்பாதி முழுக்கக் கற்பனை. பிணத்தோடு கிடைத்த காகிதங்கள் மெய்யா என்று சோதிக்க, ஓ'ரைலி என்ற ஐரிஷ் உளவாளியை ஜெர்மானியர்கள் லண்டனுக்கு அனுப்புகிறார்கள். நடிப்பவர் ஸ்டீபன் பாய்ட். மூன்று ஆண்டுகள் கழித்து 'பென்ஹர்' படத்தில் மெசாலாவாக வந்தவர். வங்கி, கடை என்று மேஜர் மார்ட்டின் விட்டுச்சென்ற தடங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்து, கடைசியில் காதலி லூசியின் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். லூசிக்கு மார்ட்டின் யாரென்றே தெரியாது. ஆனால் அவள் நேசித்த விமானி இறந்துவிட்ட செய்தி அப்போதுதான் வந்திருக்கிறது. அவள் அழும் அழுகை மெய். யாருக்காக என்பது மட்டும்தான் வேறு. குளோரியா கிரஹாம் இந்தக் காட்சியில் கொஞ்சம் தூக்கலாகவே நடிக்கிறார் என்பவர்கள் உண்டு. எனக்கு அது குறையாகப் படவில்லை. ஓ'ரைலி நம்பிவிடுகிறான், ஆனாலும் முழுதாக நம்பவில்லை. தன் முகவரியை வேண்டுமென்றே அங்கே கொடுத்துவிட்டுப் போகிறான். ஒரு மணி நேரத்தில் போலீஸ் தன்னைப் பிடித்தால் மார்ட்டின் பொய். யாரும் வராவிட்டால் மார்ட்டின் மெய். போலீசோ கிளம்பிவிட்டது. உளவாளி ஏன் தன் முகவரியைக் கொடுக்க வேண்டும் என்று மாண்டேகுவின் மூளையில் பொறி தட்டும் அந்தச் சில நிமிடங்கள், உளவுப் படங்களில் நான் கண்ட மிகச் சிறந்த பதற்றம். துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் எதிரியைப் பிடிக்காமல் விடுவதுதான் வெற்றி.

'ஒற்றொற்றித் தந்த பொருளையும் மற்றுமோர் ஒற்றினால் ஒற்றிக் கொளல்' என்கிறது குறளின் ஒற்றாடல் அதிகாரம். ஒருவன் கொண்டுவந்த செய்தியை இன்னொருவனை விட்டுச் சரிபார்க்க வேண்டும். ஓ'ரைலியின் வேலை அதுதான். உண்மையில் ஜெர்மானியர்களால் இதைச் செய்ய முடியவில்லை. பிரிட்டனில் அவர்கள் தங்களுடையவர்கள் என்று நம்பியிருந்த உளவாளிகள் பிரிட்டனின் உள்நாட்டு உளவு அமைப்பான எம்.ஐ.5இன் பிடிக்குள் இருந்தார்கள். இங்கிருந்து சொல்லிக்கொடுத்ததை அங்கே ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நாடகத்தை நடத்திய 'இருபது குழு'வில் கடற்படையின் சார்பில் உட்கார்ந்திருந்தவரே மாண்டேகுதான். ஆனால் 1953இல் அவர் எழுதிய நூலில் இதைச் சொல்ல அனுமதி கிடையாது. இரட்டை உளவாளிகளின் கதை 1972இலும், ஜெர்மானியக் குறியீட்டுச் செய்திகள் பிளெட்ச்லி பார்க்கில் உடைக்கப்பட்ட கதை 1974இலும்தான் அச்சுக்கு வந்தன. எதிரி தூண்டிலை விழுங்கியது பிளெட்ச்லி மூலமாகவே லண்டனுக்குத் தெரிந்தது. அதையும் சொல்லக்கூடாது, உளவாளிகளையும் காட்டக்கூடாது என்றால் படத்தின் இரண்டாம் பாதிக்கு என்ன மிஞ்சும்? திரைக்கதை ஆசிரியர் நைஜல் பால்சின் ஓ'ரைலியைப் படைத்தார். அந்தத் திரைக்கதைக்கு பிரிட்டிஷ் அகாடமி விருதும் கிடைத்தது.

எல்லாக் கதவும் திறந்த பிறகு எடுத்த படம் 'ஆபரேஷன் மின்ஸ்மீட்'. பழைய படத்தில் இல்லாத ஒருவர் இதில் வருகிறார். பிணத்தை அனுப்பும் திட்டத்தை முன்வைத்த விமானப்படை அதிகாரி சார்ல்ஸ் சம்லி. போருக்குப் பிறகும் உளவுத் துறையில் இருந்ததால் மாண்டேகுவின் நூலில் அவருக்கு வேறு பெயர். பழைய படத்தில் அவர் இடத்தில் ஒரு கடற்படை அதிகாரி. சம்லியாக வரும் மேத்யூ மக்ஃபேடியன் அந்தக் கடனைத் தீர்த்துவைக்கிறார். படத்தின் ஆகச் சிறந்த நடிப்பும் அவருடையதே. காதல் கடிதங்களை எழுதிய ஹெஸ்டர் லெகட், புகைப்படம் தந்த ஜீன் லெஸ்லி ஆகியோரும் இதில் பெயரோடு வருகிறார்கள்.

இத்தனையும் கையில் இருக்க, படம் நேரத்தைச் செலவிடுவது எதில்? மாண்டேகு, சம்லி, ஜீன் மூவருக்கும் இடையில் ஒரு முக்கோணக் காதல். பொறாமையில் ஒருவர் மற்றவரை வேவு பார்க்கிறார். இதற்கு நடுவே, ஹிட்லருக்கு எதிரான சதிக்காரர்களின் ஆள் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் ஜீனின் வீட்டுக்குள் நுழைந்து மிரட்டுகிறான். மார்ட்டின் மெய்யா பொய்யா? பழைய படத்தின் கதவுத் தட்டல்தான் வேறு உடையில் திரும்பி வந்திருக்கிறது. பால்சினுக்கு அந்தக் கற்பனை தேவைப்பட்டது. 2021இல் யார் கையைக் கட்டினார்கள்?

மாண்டேகுவின் தம்பி ஐவர் சோவியத் உளவாளி. இது கற்பனை இல்லை. உலக மேசைப்பந்துச் சம்மேளனத்தை நிறுவியவரும் இதே ஐவர்தான். அண்ணன் பிரிட்டனின் உச்ச ரகசியத்தைக் காக்கிறார், தம்பி மாஸ்கோவுக்குத் தகவல் தருகிறார். இதற்கு மேல் ஒரு கதாசிரியருக்கு என்ன வேண்டும்? புதிய படம் இதைக் கறிவேப்பிலைபோல் ஓரமாக ஒதுக்கிவைத்துவிட்டுக் காதலுக்குப் போகிறது. ஜேம்ஸ் பாண்டைப் பின்னாளில் படைத்த இயன் ஃபிளெமிங்கைப் பின்னணிக் குரலாக வைத்து பாண்டை நினைவூட்டும் உத்தியும் சலிப்பே. அவர் அப்போது கடற்படை உளவுப் பிரிவின் தலைவரிடம் உதவியாளராக இருந்தது மெய்தான். அதற்காக அவர் தட்டச்சு செய்வதை இத்தனை முறை காட்ட வேண்டுமா?

ஓர் இடத்தில் மட்டும் பழைய படத்தின் பொய் என்னைச் சங்கடப்படுத்துகிறது. அந்தப் பிணம் யார் என்ற கேள்வி. 1956இல், நிமோனியாவில் இறந்த இளைஞனின் தந்தையைப் பார்த்து, காரணம் சொல்லாமல் மகனின் உடலைக் கேட்கிறார்கள். அவர் கண்ணியமாகச் சம்மதிக்கிறார். மனதைத் தொடும் காட்சி. நடந்தது அதுவல்ல. வேல்ஸ் நாட்டின் அபர்பர்காய்டில் பிறந்த கிளின்டூர் மைக்கேல், வீடு வாசல் இல்லாமல் லண்டனில் அலைந்து, எலி பாஷாணம் உட்கொண்டு 1943 ஜனவரியில் 34ஆம் வயதில் இறந்தார். பெற்றோர் முன்பே போய்விட்டார்கள். மரண விசாரணை அதிகாரி பென்ட்லி பர்ச்சேஸின் ஒத்துழைப்போடு உடல் கைமாறியது. குடும்பத்தார் யாரிடமும் சம்மதம் கேட்கவில்லை. 1996இல்தான் அவர் பெயர் ஆவணங்களிலிருந்து வெளியே வந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, உவெல்வாவில் உள்ள கல்லறையில் மேஜர் மார்ட்டினின் பெயருக்குக் கீழே அவருடைய பெயரும் பொறிக்கப்பட்டது. புதிய படம் இந்த மனிதரைப் பெயர் சொல்லி அழைக்கிறது. அவருடைய சகோதரி ஒருவர் வந்து அதிகாரிகளை நிற்கவைத்துக் கேள்வி கேட்பதாக வரும் காட்சி கற்பனைதான் என்றாலும், கேட்கப்பட வேண்டிய கேள்வி. இதில் மேடனுக்கே மதிப்பெண்.

நடிகர்களைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. அமெரிக்கரான வெப், பிரிட்டிஷ் அதிகாரியாக விறைப்பும் எரிச்சலுமாகப் பொருந்திவிடுகிறார். ஃபர்த் எப்போதும்போல ஃபர்த். பழைய படத்தில் ஒரு வேடிக்கை உண்டு: திட்டத்தை எதிர்த்துப் பேசும் விமானப்படை உயரதிகாரியாக மேசையில் அமர்ந்திருப்பவர் அசல் மாண்டேகு. தன் திட்டத்தையே தான் குறை சொல்லும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

இதே வகையில் மூன்றாவதாக ஒன்று வேண்டுமென்றால் 1958இல் வந்த 'ஐ வாஸ் மான்டிஸ் டபுள்' இருக்கிறது. தளபதி மான்ட்கோமரியைப் போலவே தோற்றம் கொண்ட கிளிஃப்டன் ஜேம்ஸ் 1944இல் அவராக வேடமிட்டு ஜிப்ரால்டருக்கும் அல்ஜியர்ஸுக்கும் போய்வந்தார். படத்தில் தானாகவும் மான்ட்கோமரியாகவும் அவரே நடிக்கிறார். கடைசியில் வரும் கடத்தல் முயற்சி வெறும் சரடு. அதுவரை நல்ல பொழுதுபோக்கு.

ஒரு மாலைதான் கையில் இருக்கிறது என்றால் 1956 படம். இரண்டையும் பார்ப்பதாக இருந்தால் பழையதை முதலில் பாருங்கள். புதியதை முதலில் பார்த்துவிட்டால், ஜெர்மானியர்களுக்கு லண்டனில் சொந்த ஆள் இல்லை என்பது தெரிந்துவிடும். அதன் பிறகு ஓ'ரைலி கதவைத் தட்டும்போது நெஞ்சு அவ்வளவாகப் பதறாது.