என் பழைய லேப்டாப்பில் தங்கிவிட்ட மூன்று மென்பொருள்கள்

கும்பகோணத்தில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். இருப்பது 4 ஜிபி ராம் உள்ள ஒரே ஒரு பழைய லேப்டாப். பகலில் அதில் பத்திர நகல், பயோடேட்டா, கல்யாணப் பத்திரிகை. ராத்திரி வீட்டுக்கு எடுத்துப் போனால் அப்பாவுக்குப் பழைய படம். காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளும் மென்பொருள் எத்தனையோ போட்டுப் பார்த்துவிட்டேன். அழிக்காமல் வைத்திருப்பவை மூன்றுதான்.

முதலாவது விஎல்சி, வீடியோ ஓட்டுவதற்கு. பாரிஸில் ஒரு கல்லூரி மாணவர்கள் 1996-இல் தொடங்கிய வேலை. பென்டிரைவில் யார் எந்த வீடியோவைக் கொண்டுவந்தாலும் ஓடுகிறது. ‘கோடெக் (அந்த வகை வீடியோவைப் படிக்க உதவும் துணை மென்பொருள்) இல்லை, அதை இறக்கு’ என்று அலைய விடுவதில்லை. விளம்பரமும் இல்லை.

ஆனால் எனக்கு அது பிடித்துப்போனது அப்பாவால்தான். அவருக்குக் காது மந்தம். விண்டோஸில் ஒலியை முழுக்க வைத்த பிறகும் விஎல்சியில் 125 சதவீதம் வரை ஏற்றலாம். கொஞ்சம் கரகரக்கும், ஆனால் கேட்கும். பட்டிமன்றம் கேட்கும்போது பேச்சாளர்கள் வேகமாகப் பேசினால் அவருக்குப் பிடிபடாது. இடது சதுர அடைப்புக்குறி விசையை இரண்டு தடவை அழுத்தினால் வேகம் 0.8 ஆகிவிடும். வேகம் குறைந்தாலும் குரல் பேய்க்குரல் மாதிரி இழுபடாமல் இயல்பாகவே இருக்கிறது. பழைய வேகத்துக்குத் திரும்ப சமக்குறி. அப்பா இதைக் கற்றுக்கொள்ள ஒரு வாரம் ஆயிற்று, இப்போது எனக்கே சொல்லிக் கொடுக்கிறார்.

குறையும் உண்டு. பாதியில் நிறுத்திய படத்தை மறுநாள் திறந்தால், விட்ட இடத்திலிருந்து தொடரவா என்று மேலே ஒரு மெல்லிய பட்டையில் கேட்கும். நாம் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் அது மறைந்துவிடும். அமைப்புகளுக்குள் போய் ‘எப்போதும் தொடர்’ என்று மாற்றி வைத்தேன். என் மகள் பார்க்கும் கொரியத் தொடர்களில் சப்டைட்டில் பின்தங்கினால் ஜி, எச் விசைகளால் சரிசெய்யலாம். ஆனால் ஒரு அழுத்துக்கு 50 மில்லி செகண்ட்தான் நகரும், ஒரு செகண்டுக்கு இருபது தடவை தட்ட வேண்டும்! டூல்ஸ் மெனுவில் டிராக் சிங்க்ரனைசேஷன் என்று ஒன்று இருக்கிறது, அதில் செகண்டை நேரடியாகவே போட்டுவிடலாம் என்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

இதை எங்கே இறக்குவது என்பதில் நான் ஒருமுறை நன்றாகச் சூடுபட்டேன். 2022-இல் பல மாதங்கள் விஎல்சியின் சொந்தத் தளம் இந்தியாவில் முடக்கப்பட்டிருந்தது. அவர்கள் வக்கீல் நோட்டீஸ் அனுப்பிய பிறகு நவம்பரில்தான் திறந்தது. அந்தச் சமயம் பார்த்து லேப்டாப்பை ஃபார்மட் செய்திருந்தேன். கூகுளில் கண்ணில் பட்ட வேறொரு தளத்தில், பச்சை நிறத்தில் பெரிதாக இருந்த டவுன்லோட் பொத்தானை அழுத்தினேன். விஎல்சியோடு ஒரு டூல்பாரும், பணம் கேட்கும் வைரஸ் ஸ்கேனரும் கூடவே வந்து உட்கார்ந்தன. மறுபடி ஃபார்மட், கடைக்கு ஒரு நாள் லீவு. இப்போது எதுவானாலும் செய்தவர்களின் சொந்தத் தளம்தான். நெக்ஸ்ட் நெக்ஸ்ட் என்று தட்டாமல் ஒவ்வொரு டிக்கையும் படிக்கிறேன்.

இரண்டாவது லிப்ரே ஆபீஸ், வேர்ட் மாதிரி தட்டச்சு வேலைக்கு. கடைக்குச் சோறு போடுவது இதுதான் என்பதால் திட்டுவதும் இதைத்தான் அதிகம். திறக்கும்போது என் லேப்டாப் ஒரு டீ குடிக்கிற நேரம் எடுக்கும், திறந்துவிட்டால் ஓடும். பிடிஎஃப் எடுக்க மேலேயே ஒரு பொத்தான் இருக்கிறது, ஒரே அழுத்து.

தமிழில் தட்டச்சு செய்பவர்கள் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. ஸ்டைலில் எழுத்தளவை 14 என்று மாற்றுவேன், ஆங்கிலம் பெரிதாகும், தமிழ் அப்படியே நிற்கும். கோளாறு என்றே நினைத்திருந்தேன். தமிழ், இந்தி போன்ற எழுத்துகளுக்கு அங்கே எழுத்துருவும் அளவும் தனியாக இருக்கின்றன, சிடிஎல் என்று எழுதியிருக்கும். அதில் மாற்ற வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது, வெட்கமாகத்தான் இருக்கிறது.

வேர்டில் செய்த ஃபைலைத் திறந்தால் சாதாரணக் கடிதம் ஒழுங்காக வரும். அட்டவணைக்குள் அட்டவணை, ஓரத்தில் போட்டோ ஒட்டிய பயோடேட்டா என்றால் போட்டோ இடம் மாறி நிற்கும். அப்புறம், சும்மா சேமித்தால் லிப்ரே ஆபீஸின் வழக்கமான வடிவமான ஓடிடி (.odt) ஃபைலாகப் போகும். ஒரு வாடிக்கையாளர் அதை வேறு கடைக்குக் கொண்டுபோய், ‘இது என்ன ஃபைல்னே தெரியலையாம்’ என்று என்னிடமே திரும்பி வந்தார். ஆப்ஷன்ஸில் லோட்-சேவ் பகுதிக்குப் போய் வேர்ட் வடிவத்தையே நிரந்தரமாக்கிவிட்டேன். பிடிஎஃபை, லிப்ரே ஆபீஸோடு வரும் டிரா (Draw) என்ற வரையும் மென்பொருளில் திறந்து திருத்தலாம் என்பார்கள். ஆங்கிலத்துக்குச் சரி. நான் முயன்ற தமிழ் பிடிஎஃபில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் ஓடியது.

பாமினி, வானவில் எழுத்துருக்களில் செய்த பழைய ஃபைல்கள் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்தால் இதைக் குறை சொல்லாதீர்கள். அந்த எழுத்துரு நம் கணினியில் இல்லை என்று அர்த்தம்.

மூன்றாவது ஆடாசிட்டி. ஆட்டோவில் கட்டி ஓட்டும் விளம்பரக் குரலைப் பதிவு செய்து கொடுக்க வைத்திருக்கிறேன். யாரும் பேசாத இரண்டு செகண்டைத் தேர்ந்தெடுத்து, இதுதான் இரைச்சல் என்று முதலில் காட்டிவிட்டால், பதிவு முழுக்க ஃபேன் சத்தத்தைக் குறைத்துவிடும். அளவு மீறினால் குடத்துக்குள்ளிருந்து பேசுவது மாதிரி ஆகிவிடும்.

ஒரு டிசம்பர் கடைசியில் லேப்டாப்பை வீட்டிலேயே விட்டுவிட்டுக் கடைக்கு வந்திருந்தேன். அப்பா போன் செய்தார். “ஏம்மா, அந்த ஆரஞ்சுக் கூம்புக்கு யாரோ சிவப்புக் குல்லா போட்டிருக்காங்க. திரும்பவும் வைரஸா?” கிறிஸ்துமஸ் சமயத்தில் விஎல்சி அப்படித்தான் வரும் என்று சொன்னேன். படம் ஓடுகிறதா என்று கேட்டேன். ஓடுகிறதாம்.