கை நுழையாத இடத்தில் குழாய்: படகில் புஷ்-ஃபிட் ஜாயிண்ட் போட்ட அனுபவம்

இங்கிலாந்துக் கால்வாய்களில் ஓடும் நேரோபோட் என்ற ஒல்லியான வீட்டுப் படகில் இருப்பது வீட்டில் இருக்கும் அதே 15 மி.மீ. தண்ணீர்க் குழாய்தான். அதே எல்போ, அதே டீ. கை மட்டும் நுழையாது. கால்வாயில் படகை ஏற்றி இறக்கும் பழைய லாக்குகளுக்குள் (மதகுத் தொட்டிகளுக்குள்) போய்வர வேண்டும் என்பதால் இந்தப் படகுகளின் அகலம் ஏழு அடிக்கும் குறைவு. அதற்குள் கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் அடைத்தபிறகு, குழாய்க்கு மிஞ்சுவது மரப்பலகைக்கும் இரும்புச் சுவருக்கும் நடுவில் உள்ள சந்துதான். அதிலும் பாதியைக் குளிருக்காக அடித்த ஸ்ப்ரே ஃபோம் பிடித்துக்கொண்டிருக்கும்.

நாங்கள் வாங்கியது பழைய படகு. உள்ளே முழுக்கச் செம்புக் குழாய். ஒவ்வொன்றாக ஒழுக ஒழுக, பெரும்பகுதியைப் பிளாஸ்டிக் புஷ்-ஃபிட்டுக்கு, அதாவது குழாயை உள்ளே தள்ளினாலே பிடித்துக்கொள்ளும் ஜாயிண்டுக்கு, மாற்றிவிட்டோம். சில குளிர்காலங்களைப் பார்த்தாயிற்று, இப்போது தைரியமாகச் சொல்லலாம்.

முதலில் ஒழுகல் எங்கே என்று பிடிக்க வேண்டுமே, அதுதான் பெரிய தலைவலி. தண்ணீர்த் தொட்டி பெரும்பாலும் படகின் முன்பக்கம் இருக்கும், என்ஜின் பின்பக்கம். படகு பின்பக்கம் சற்றுத் தாழ்ந்தே மிதக்கும். அதனால் எங்கே ஒழுகினாலும் தண்ணீர் படகு ஆடாமல் மிதக்கத் தரைக்கடியில் அடுக்கிய பாரக்கற்களுக்கு நடுவே நழுவிப் பின்னால் வந்துதான் தேங்கும். தேங்கிய இடத்தில் பலகையைப் பெயர்த்தால் பலகை வீணாவதுதான் மிச்சம். காதை நம்புவது மேல். 12 வோல்ட் பம்ப், குழாயில் அழுத்தம் இறங்கினால் தானாக ஓடும், ஏறியதும் நிற்கும். யாரும் டேப்பைத் திறக்காத நள்ளிரவில் அது 'டுர்ர்' என்று ஒரு நொடி ஓடி நின்றால் எங்கோ அழுத்தம் கசிகிறது. ஆனால் பம்புக்குள் இருக்கும் வால்வு தேய்ந்து தண்ணீர் தொட்டிக்கே திரும்பினாலும் இதே சத்தம்தான் வரும். பம்பை அடுத்து ஒரு வால்வு இருந்தால் அதை மூடிவிட்டுக் கேளுங்கள். அப்போதும் விட்டுவிட்டு ஓடினால் கோளாறு பம்பில். அமைதியானால் அதற்கு அப்பால். வெந்நீர்த் தொட்டியின் பாதுகாப்பு வால்வு சொட்டுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள், அதையும் குழாய் ஒழுகல் என்று நினைத்து அலைபவர்கள் உண்டு. அப்புறம் ஜாயிண்டுகளில் டிஷ்யூ பேப்பரைச் சுற்றி வைத்தால் கண்ணுக்குத் தெரியாத ஈரத்தையும் அது காட்டிக்கொடுக்கும்.

எங்கள் படகில் மோசமான இடம் அந்த வெந்நீர்த் தொட்டியின் பின்புறம்தான். கேலரிஃபையர் என்பார்கள், என்ஜினின் சூடான கூலன்ட் சுற்றிவந்து தண்ணீரைச் சூடாக்கும். அதற்குப் பின்னால் ஒரு கம்ப்ரஷன் எல்போ (நட்டைத் திருகி இறுக்கும் வளைவு ஜாயிண்ட்) சொட்டியது. அதைக் கழற்ற இரண்டு ஸ்பேனர் வேண்டும், ஒன்று பிடிக்க, ஒன்று திருக. அங்கே நுழைவதோ ஒரு கை. சால்டர் வைக்கலாம் என்றால் பக்கத்திலேயே ஃபோமும் மரமும். அந்த ஃபோம் பற்றினால் வரும் புகை விஷம், ஓடித் தப்பிக்கவும் படகில் இடமில்லை. சிறிய சக்கரக் கட்டரைச் செம்புக் குழாயில் மாட்டி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி எல்போவை வெட்டி எடுத்தோம். வெட்டிய விளிம்பைத் தேய்த்து, பிசிறு இல்லை என்று விரலால் தடவிப் பார்ப்பது முக்கியம். பிசிறு இருந்தால் புஷ்-ஃபிட் எல்போவுக்குள் இருக்கும் ஓ-ரிங்கை (ரப்பர் வளையத்தை) கிழித்துவிடும். குழாய் எவ்வளவு உள்ளே போக வேண்டுமோ அங்கே பென்சிலால் ஒரு கோடு போட்டு, ஒரே தள்ளு. அவ்வளவுதான் வேலை. நம்மூர்ப் பிவிசி மாதிரி சொல்யூஷன் தடவிக் காயவைக்க வேண்டாம், நூலும் டேப்பும் வேண்டாம்.

பிளாஸ்டிக் குழாய் என்றால் உள்ளே தாங்கு வளையம் போட்டே ஆக வேண்டும். இன்று ஒழுகவில்லையே என்று அதை விட்டுவிட்டால், சூடு ஏறி இறங்கக் குழாய் மெல்ல வடிவம் மாறி பிறகு ஒழுகும்.

புஷ்-ஃபிட்டில் ஸ்பீட்ஃபிட், ஹெப்டூஓ என்ற இரண்டு பிராண்டுகளையும் பயன்படுத்துகிறோம். ஸ்பீட்ஃபிட்டைக் கையாலேயே கழற்றலாம், இடுக்கில் அது வரம். ஹெப்டூஓவைக் கழற்றத் தனிச் சாவி வேண்டும், அந்தச் சாவி நுழையவும் இடம் வேண்டும். ஆனால் ஹெப்டூஓவின் சொந்தத் தாங்கு வளையத்தைப் போட்டால், குழாய் முழுதாக உள்ளே போனபின் திருப்பும்போது கையில் 'கறகற' என்று உணரலாம். கண்ணுக்கே தெரியாத இடத்தில் வேலை செய்பவருக்கு அது பெரிய ஆறுதல். ஒன்றை மட்டும் எடு என்றால், கழற்ற வாய்ப்பே இல்லாத இடத்துக்கு ஹெப்டூஓவைத்தான் எடுப்பேன்.

குறைகளும் உண்டு. வெந்நீரில் பிளாஸ்டிக் குழாய் தளர்ந்து தொங்கும், நெருக்கமாக கிளிப் அடிக்க வேண்டும். இல்லையென்றால் என்ஜின் அதிர்வில் ஜாயிண்ட் பக்கவாட்டில் இழுபடும். என்ஜின் சூட்டில் வரும் தண்ணீர் வீட்டு வெந்நீரைவிடச் சூடு என்பதால், கேலரிஃபையரை ஒட்டிய துண்டைச் செம்பாகவே விட்டுவிட்டோம். குளிரைப் பற்றி: தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். பிளாஸ்டிக் குழாய் ஓரளவு நெகிழ்ந்து கொடுக்கும். ஷவர் மிக்ஸரும் பம்பின் தலையும் கொடுக்காது. ஆளில்லாமல் படகை விட்டால் தண்ணீரை வடித்து, டேப்புகளைத் திறந்தே வையுங்கள்.

எல்லாவற்றையும்விட அதிகம் உதவியது ஃபிட்டிங்கே இல்லை. பிளாஸ்டிக் குழாய் 25, 50 மீட்டர் சுருளாகவே கிடைக்கிறது. எங்கள் படகு 57 அடி, சுமார் 17 மீட்டர். பலகைக்குப் பின்னால் ஒரு ஜாயிண்ட்கூட இல்லாமல் முன்னிருந்து பின்வரை ஒரே குழாயாக இழுக்க முடிந்தது. ஜாயிண்டுகள் எல்லாம் சிங்க்குக்கு அடியிலும் கட்டிலுக்கு அடியிலும், திறக்கிற பலகைக்குப் பின்னால்தான். நேர்த் துண்டுகளாக வரும் செம்புக் குழாயில் இதை நினைத்தும் பார்க்க முடியாது.

ஷவர் சுவருக்குப் பின்னால் மட்டும் பழைய செம்பு எல்போ ஒன்று பாக்கி. படகைக் கட்டியவர் அதை வைத்துவிட்டு மேலே டைல்ஸ் ஒட்டிவிட்டார். எதிர்ப்பக்கம் துணி அலமாரி. ஒழுகினால் டைல்ஸை உடைக்காமல் அலமாரியின் முதுகை வெட்டிப் போவதாக உத்தேசம்.