பால்மரக் காட்டிலிருந்து ஊராரின் இயற்கைக் காப்பகம்: ஒரு மதிப்பீடு

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தின் வடமேற்கில், ரப்பர் தோட்டத்தை நம்பி வளர்ந்த எங்கள் சிறுநகரத்தின் எல்லையில், ரப்பர் பால் சேர்த்த பழைய கொட்டகைக்கும் ஓடைக்கும் இடையே பல காலம் கேட்பாரற்றுக் கிடந்த நிலம் இப்போது ஊராரின் இயற்கைக் காப்பகமாகத் திறக்கப்பட்டிருக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. ஞாயிறு காலைகளில் தன்னார்வலர்கள் வழிகாட்டி அழைத்துச் செல்கிறார்கள். குடும்பத்தோடு தாராளமாகப் போய்வரலாம் என்பதே என் மதிப்பீடு. ஆனால் இந்த இடத்தின் தரத்தை மரங்களையும் பறவைகளையும் மட்டும் கொண்டு அளக்க முடியாது. திட்டம் அறிவிக்கப்பட்டபோது எதிர்த்துப் பேசியவர்களின் கேள்விகளுக்கு ஏற்பாட்டுக் குழு எங்கெல்லாம் செவிசாய்த்ததோ அங்கெல்லாம் காப்பகம் நன்றாக அமைந்திருக்கிறது. செவிசாய்க்காத இடங்களில் குறை இன்றும் கண்ணில் படுகிறது.

தோட்டம் கைமாறி, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் இடிபட்டு, மேட்டு நிலம் முழுவதும் தாமான்கள் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளாக மாறிய பிறகு எஞ்சியது இந்தப் பள்ளமான பகுதிதான். ரப்பர் தரும் பால்மரங்கள் சில நிரைகளாக நின்றன. மற்ற இடமெல்லாம் லாலாங் புல்லும், வீடு புதுப்பித்தவர்கள் இரவோடு இரவாகக் கொட்டிவிட்டுப் போன கல்லும் மண்ணும், பழைய டயர்களும், கிழிந்த மெத்தைகளும். அதைத் துப்புரவு செய்து காப்பகமாக்குவது என்ற யோசனை கோயில் மண்டபத்தில் முன்வைக்கப்பட்டபோது கைத்தட்டலை விட முணுமுணுப்பே அதிகமாக எழுந்தது. பாம்பு வரும், டிங்கி வரும், பையன்கள் கூடிக் கண்ட பழக்கத்தையும் பழகுவார்கள் என்றார்கள். அவற்றையெல்லாம் விடக் கனமாக விழுந்த கேள்வி, லயத்தில் பிறந்து இன்றும் வாடகை வீட்டில் இருக்கும் ஓர் அம்மாவுடையது: “காடு வளர்க்க நெலம் இருக்கு, எங்க புள்ளைங்க வீடு கட்ட மட்டும் நெலம் இல்லையா?”

அந்தக் கேள்வி நியாயமானது. இந்த நிலம் ஓடையின் வெள்ளநீர் பரவும் தாழ்நிலம், இங்கே வீடு கட்டினால் ஆண்டுதோறும் தண்ணீர் உள்ளே வரும் என்று குழுவினர் அளித்த பதிலும் சரிதான். ஆனாலும் மூன்று தலைமுறை உழைத்தவர்களுக்குச் சொந்தக் கூரை கிடைக்காத குறையை ஒரு காப்பகம் தீர்த்துவிடாது. இதை ஏற்பாட்டாளர்கள் தங்கள் பேச்சில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டதால்தான், அந்த அம்மாவே இன்று நாற்றுப்பண்ணையில் வேலை செய்கிறார் என்று நினைக்கிறேன்.

பாம்பையும் டிங்கியையும் பற்றிய அச்சத்தை அவர்கள் சொல்லால் மட்டும் எதிர்கொள்ளாமல் செயலால் எதிர்கொண்டார்கள். குப்பைமேடு இருந்தவரை எலி இருந்தது. எலியைத் தேடி நாகமும் வந்தது. குப்பை போனபின் பாம்புகள் அடியோடு மறைந்துவிடவில்லை, ஆனால் நடைபாதையின் இரு பக்கமும் புல் தாழ வெட்டப்பட்டிருப்பதால் காலடியில் என்ன இருக்கிறது என்பது தெரிகிறது. டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு தண்ணீர் தேங்கிய சிறு கலங்களில்தான் பெரும்பாலும் முட்டையிடும். மீன் உள்ள குளம் அதற்கு உகந்த இடமன்று. ஆகவே டயர்களை அகற்றியதே பாதி வேலை. மீதிப் பாதியைச் சுட்டிக்காட்டியவர் பால்மரம் சீவிப் பாலெடுக்கும் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு முதியவர்: கைவிடப்பட்ட மரங்களில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த, பால் வடியும் கிண்ணங்களான மங்குகளில் மழைநீர் நிறைந்து கொசுப்புழு நெளிந்துகொண்டிருந்தது. இன்று அங்கே காட்சிக்காக விட்டுவைத்திருக்கும் மங்குகள் அனைத்தும் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. வெட்டிய மூங்கில் கணுக்களின் குழிகளிலும் மணல் நிரப்பியிருக்கிறார்கள்.

இந்தக் காப்பகத்தில் நான் மிகவும் மதிப்பது களை எடுக்கும் முறையை. மிக்கானியா என்னும் அமெரிக்கக் கொடி நாற்றுகளின் மேல் படர்ந்து வெளிச்சத்தை மறைத்துக் கொன்றுவிடும்; தோட்டத்தில் வேலை பார்த்த எவரும் அதை அறிவார்கள். மருந்து அடித்தால் சில நாளில் கருகிவிடும் என்று சிலர் சொன்னபோது, அதை மறுத்தவர்கள் தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை பார்த்த பெண்கள்தான். கையுறையும் முகமூடியும் ஒழுங்காகக் கிடைக்காத காலத்தில் முதுகில் மருந்துத் தொட்டியான தோம்பைச் சுமந்து, நகம் கறுத்து, மூச்சு முட்டிய அனுபவம் அவர்களுடையது. பாராகுவாட் களைக்கொல்லி இந்நாட்டில் 2020 ஜனவரி முதல் நாளன்று தடை செய்யப்பட்டதற்கு முன் அதை ஆண்டுக்கணக்கில் அடித்தவர்கள் அவர்கள். இப்போது கையாலேயே கொடியைப் பிடுங்கி, துண்டு ஒன்றுகூட மண்ணில் விழாதபடி சாக்கில் சேர்த்து, தகரத்தின் மேல் பரப்பி வெயிலில் காயவைக்கிறார்கள். ஏனென்றால் ஒரு கணு ஈரமண்ணைத் தொட்டால் போதும், அது வேர்விட்டு மீண்டும் தழைத்துவிடும். இதைப் பார்த்துக் கற்றுக்கொள்வதற்காகவே பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம்.

பால்மரங்களை என்ன செய்வது என்பதில் பெரிய சண்டையே நடந்தது. இது இந்நாட்டு மரமன்று, அமேசான் காட்டிலிருந்து கியூ தாவரவியல் தோட்டத்தின் வழியாக 1877இல் மலாயாவுக்கு வந்தது, ஆகவே வெட்டிவிட்டு மெர்பாவ், தெம்புசு, பூலாய் போன்ற உள்நாட்டு மரங்களை நட வேண்டும் என்றனர் இளைஞர்கள். தங்கள் தாய்தந்தையர் வேர்வை சிந்திய மரத்தை வெட்டக்கூடாது என்றனர் பெரியவர்கள். முடிவில் பால்மர நிழலையே பயன்படுத்தி அதனடியில் உள்நாட்டு நாற்றுகளை நட்டார்கள். நிழல் இருக்கும் இடத்தில் லாலாங் வளராது என்பதால் இரு தரப்புக்கும் இது உதவியது. ஒரு நிரையை மட்டும் எதுவும் நடாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். அங்கே ஒரு மரத்தின் அருகில் நின்று பாருங்கள். பட்டையைச் சீவிய தழும்புகள் புடைத்துக் கட்டிகட்டியாக ஆறியிருக்கின்றன. மங்கு தாங்கிய கம்பியை மரமே விழுங்கி, அதன் முனை மட்டும் விரல் நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது.

இப்படிப்பட்ட பாழ்நிலம் ஒருநாளும் காடாகாது என்று சொன்னவர்களுக்கு ஒரு நல்ல சான்று நம் மாநிலத்திலேயே இருக்கிறது. கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்தின் காடு, ஈயம் தோண்டிப் பாழான நிலத்திலும் காய்கறித் தோட்டங்களிலும் 1920களில் மரம் நடத் தொடங்கி உருவானது. அது 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. நூறாண்டு வேலை அது. எங்கள் நாற்றுகளோ இன்னும் தோள் உயரத்தைத் தாண்டவில்லை. எனவே அடர்ந்த வனத்தை எதிர்பார்த்து வருபவர்கள் ஏமாறுவார்கள். குளக்கரையில் வெண்மார்பு மீன்கொத்தியையும் நாரையையும், காலையில் வந்தால் குண்டுகரிச்சானின் பாட்டையும் எதிர்பார்க்கலாம்.

நிலத்தில் இருந்த முனியாண்டி கோயிலை அகற்றாமல், நடைபாதையை அதைச் சுற்றி வளைத்துப் போட்டதும் நல்ல முடிவு. பொங்கல் வைக்கும் நாளில் அடுப்பு மூட்டத் தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். நாற்றுகளும் கருகுவதில்லை, பூசையும் தடைபடுவதில்லை.

இனி குறைகள். உட்காரப் பலகை போதாது. கோயிலைத் தாண்டினால் குளம் வரை ஓரிடத்தில்கூட அமர வழியில்லை. இதை முதியோர் முதல் கூட்டத்திலேயே கேட்டார்கள். அக்டோபர், நவம்பர் மழையில் ஓடையோரப் பாதை சேறாகிவிடுவதால் சக்கர நாற்காலியை உருட்ட இயலாது. கழிவறை ஒன்றே ஒன்று, அதுவும் கோயிலுடையது. மரங்களின் பெயர்ப்பலகைகளில் மலாயும் அறிவியல் பெயரும் இருக்கின்றன. தமிழ்ப்பள்ளி மாணவர்கள் வாரந்தோறும் வரும் இடத்தில் தமிழ் சில பலகைகளில் மட்டுமே இடம்பெற்றிருப்பது வருத்தம் தருகிறது.

எல்லாவற்றையும் விடப் பெரிய குறை நில உரிமை. மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில், துண்டாடப்பட்ட தோட்டங்களை வாங்குவதற்காகச் சம்பளத்திலிருந்து பங்குப் பணம் கட்டிய தலைமுறை இன்னும் எங்கள் ஊரில் இருக்கிறது. அவர்களில் ஒருவர் கூட்டத்தில் எழுந்து, “தம்பி, மரம் நடுறது சரி. கிராண்டு யார் பேர்ல இருக்கு?” என்று நிலப் பட்டாவைப் பற்றிக் கேட்டார். நிலம் மாநில அரசுடையது. குழுவிடம் இருப்பது நிலத்தைத் தற்காலிகமாகப் பயன்படுத்தும் உரிமம் மட்டுமே. அவ்வுரிமம் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் இறுதியில் முடிவுறும். புதுப்பித்துத் தர வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின் 62ஆம் பிரிவின்படி பொதுத் தேவைக்கான ஒதுக்கீடாக அரசிதழில் வெளியிட்டால், பின்னாளில் அதை நீக்குவதற்கு முன் அறிவிப்புக் கொடுத்து ஆட்சேபங்களை விசாரிக்க வேண்டியிருக்கும். முதியவர் கேட்டது இதைத்தான். வண்ணத்துப்பூச்சித் தோட்டத்துக்கும் வரவேற்பு வளைவுக்கும் நன்கொடை திரட்டும் குழு, அரசிதழுக்கான விண்ணப்பத்தை முதல் வேலையாகக் கொள்ளாதது எனக்குக் கவலையளிக்கிறது.

போக விரும்புவோர் காலை ஒன்பதுக்கு முன் போங்கள். மூடிய காலணி அணியுங்கள். பால்மரங்கள் இலையுதிர்த்துத் துளிர்க்கும் ஜனவரி, பிப்ரவரியில் பாதை காய்ந்திருக்கும், வலசை வரும் பறவைகளும் இருக்கும். வழிகாட்டிகளில் மருந்தடித்த அக்காமார் இருவர் இருக்கிறார்கள். அவர்கள் வரும் ஞாயிறு எது என்று வாசல் பலகையில் எழுதியிருப்பார்கள், அந்த நாளையே தேர்ந்தெடுங்கள். அதே பலகையின் கீழ் அரசிதழ் கோரும் மனுவில் ஊரார் கையொப்பமிடும் ஏடு ஒன்றும் கட்டித் தொங்கவிடப்பட்டிருக்கிறது. நான் கடைசியாகப் பார்த்தபோது அதன் முதல் பக்கமே இன்னும் நிரம்பவில்லை.